முள்ளம்பன்றி படித்த காதல் நாவல்

மலையடிவாரத்து வளை ஒன்றில் நீலவேணி, சடையன் என்ற முள்ளம்பன்றித் தம்பதி வாழ்ந்தார்கள். கல்யாணமான புதிதில் ஒருவர் முள் மற்றவரைக் குத்திவிட்டது. அன்றிலிருந்து வளையின் இரண்டு மூலைகளில் படுத்துக்கொண்டார்கள். சண்டை எதுவும் இல்லை. பேச்சும் அதிகமில்லை.

ஒருநாள் சருகைப் பெருக்கிய சடையனுக்கு, மனைவியின் படுக்கைக்கு அடியில் ஒரு புத்தகம் கிடைத்தது. சுற்றுலா வந்த யாரோ மறந்துவிட்டுப் போன காதல் நாவல். அட்டையில் ஒருவன் ஒருத்தியை இறுக அணைத்திருந்தான்.

"இந்தக் கண்றாவியையா படிக்கிறே?"

நீலவேணி மழுப்பவில்லை. "மூணு தடவை படிச்சிட்டேன். கதைன்னு பெருசா ஒண்ணுமில்லீங்க. அவங்க கிட்ட வர்றப்பல்லாம் சொல்லிவச்ச மாதிரி மழை பெய்யுது. அவன் சட்டையில ஒரு பொத்தான்கூட நிக்கிறதில்ல. ஆனா அவளைத் தொடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அவ முகத்தைப் பார்க்கிறான். அவ தலையாட்டுற வரைக்கும் காத்திருக்கிறான். அதை எழுதின கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

சடையன் புத்தகத்தோடு வெளியே போனான். கிழித்துப் போட்டுவிடுவானோ என்று நீலவேணி பயந்தாள். பொழுது சாயும்போது திரும்பி வந்தான். புத்தகம் முழுசாக இருந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க," என்றான். "ஆனா அவனுக்கு முள்ளு கிடையாதே. இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பான்?"

"முதல்ல அதைப் படிய வச்சிருப்பான்."

சடையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதுகு முட்களை ஒவ்வொன்றாகத் தாழ்த்த ஆரம்பித்தான். பழக்கமில்லாததால் வெகுநேரம் பிடித்தது. நீலவேணி அவசரப்படுத்தவில்லை.