லுக்அப் தொல்லை

மருந்துக் கடைக் கம்ப்யூட்டரில் மறுபடியும் அதே பிழைச் செய்தி: 'இதற்கு மேல் டேபிளைத் திறக்க முடியாது.'

வந்து பார்த்த புரோகிராமர், "பில்லோட ஒவ்வொரு வரிக்கும் மருந்தோட விலையைத் தேட லுக்அப் போய், விலைப் பட்டியல் இருக்கிற டேபிளைத் தனித்தனியாத் திறக்குது. சிஸ்டம் தாங்கல" என்றான்.

லுக்அப்களை எடுத்துவிட்டு, பில், விலை என்ற இரண்டு டேபிள்களையும் ஒரே குவெரியில், அதாவது ஒரே தேடல் கட்டளையில், இணைத்தான். பில் சட்டென்று வந்தது.

"இனி இந்தத் தொல்லை இல்லீங்க. நான் வர வேண்டியதே இல்ல."

கடையை நடத்தும் இளம்பெண்ணின் முகம் வாடியது.

மறுநாளே போன் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பழைய லுக்அப்கள் அத்தனையும் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தன.

"யாருங்க இதுல கை வச்சது?"

"நான்தான். இந்த புரோகிராமை எழுதினதே நான்தானே."

"அப்ப உங்களுக்கே சரிபண்ணத் தெரியுமே?"

"தெரியும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உங்களை வரவழைக்கத்தான் வேற வழி தெரியல."