கழுத்துச் செதில்

இரண்டு சூரியன்களும் உச்சிக்கு ஏறிவிட்ட வேளையில், கடைத்தெருவில் செதில் சுரண்டுகிறவர் தன் முக்காலியைத் துடைத்துப் போடுகிறார். எதிரே காவல் குலத்தான் கயிற்றோடு நிற்கிறான். தேடப்படும் மகனை ஒளித்துவைத்த குற்றத்துக்காக அவரைப் பிடித்துப்போக வந்திருக்கிறான்; அப்படிப் போனவர் யாரும் திரும்பியதில்லை. அவனைக் கண்டதும் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். "வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க. கழுத்தெல்லாம் பழஞ்செதில் தொங்குது," என்கிறார் அவர். ஏனென்று தெரியாமலே அவன் உட்கார்கிறான். அவருடைய நான்கு கைகளில் இரண்டு அவன் தலையைச் சாய்த்துப் பிடிக்கின்றன, ஒன்று எண்ணெய் தடவுகிறது, இன்னொன்றில் கத்தி. காவல் குலத்தில் பிறந்தவனை வெளியார் எவரும் தொடுவதில்லை. அந்த விரல்களின் சூடு இப்போது கழுத்தில் படுகிறது. அவனுக்குள் எதுவும் அசையவில்லை. செதிலுக்கு அடியில் மெல்லிய தோல் துடிக்கிற இடத்தில் கத்தி ஒரு கணம் நிற்கிறது. கடை வாசலில் நிற்கும் அவர் மனைவி கத்தியையே பார்க்கிறாள். அவனுக்குப் பயமும் வரவில்லை. சரக்கென்று கத்தி நகர்ந்து கடைசிச் செதிலை எடுக்கிறது. அவர் கத்தியைத் துடைத்து மனைவியிடம் கொடுத்துவிட்டு, நான்கு கைகளையும் அவன் முன்னே நீட்டுகிறார். "கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்க தம்பி. வயசான கை," என்கிறாள் அவள். "சரிம்மா," என்கிறான். அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் கைகள் எப்போதும் போல இறுக்கி முடிச்சுப் போட்டுவிடுகின்றன.