கம்ப்யூட்டர் சாட்சி

“பீரோ சாவி எங்கிட்ட ஒண்ணு, உங்கிட்ட ஒண்ணு. ஆல்பத்த நான் காட்டல. அப்ப வேற யாருய்யா...”

“சாவி வச்சிருக்கவன்லாம் திருடன்னா...”

“இருய்யா, நான் சொல்லி முடிச்சுக்கிடுதேன்...”

“நீங்க முடிச்சீகன்னா எம் பொழப்புல்ல மொதலாளி முடிஞ்சுபோகும்.”

சிவகாசியில் காலண்டர் அச்சாபீஸ் நடத்தும் கனகசபாபதியும், அங்கே இருபத்திரண்டு வருடமாக பைண்டிங் பார்க்கும் நாகையாவும்தான் இப்படி மோதிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் கொண்ட ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுத்தான் வெளியே எடுப்பார்கள். இந்த வருடம் ஆடி பிறக்கும் முன்பே, கனகசபாபதியின் நாலு மாடல்கள் எதிர்த்த கம்பெனியில் அச்சாகிக்கொண்டிருந்தன.

“எம்மேல அம்புட்டு நம்பிக்கை இல்லாமப் போச்சா?”

“நான் என்னத்துக்கு நம்பணும்? அதான் கம்ப்யூட்டரே சொல்லிருச்சே.”

கனகசபாபதியின் தம்பி மகள் ஹர்ஷினி கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. பெரியப்பா கேட்டாரே என்று, ஆல்பத்தைக் காட்டியது யாரென்று கண்டுபிடிக்க காலையில் ஒரு புரோகிராம் எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள். அது பெயர் கேட்டது. போன் நம்பர் கேட்டது. பிறகு, ‘ஆல்பத்தை வெளியாளிடம் காட்டினீர்களா? ஆம் / இல்லை’ என்றது. நாகையா ‘இல்லை’ என்று அடித்தார். ‘தவறான பதில். சரியாக உள்ளிடவும்’ என்று வந்தது. மூன்று தடவை அடித்தும் அதே பதில்தான்.

“சின்னப் புள்ள எழுதுனது மொதலாளி அது.”

“போன் நம்பர்ல நீ ஒரு எண்ண விட்டப்போ டக்குனு புடிச்சுச்சா இல்லையா? எண்ணப் புடிக்கிறது பொய்யப் புடிக்காதாக்கும். சாவிய வச்சுட்டு வீட்டுக்குப் போ.”

நாகையா சாவியை மேஜையில் வைத்தார். “போறேன். அதுக்கு முந்தி நீங்க ஒருக்க அடிச்சுக் காட்டுங்க. உங்களுக்கு அது சரின்னு சொல்லிட்டா, நான் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்.”

கனகசபாபதி சிரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயரையும் நம்பரையும் அடித்தார். ‘இல்லை’ என்று அடித்தார்.

‘தவறான பதில். சரியாக உள்ளிடவும்.’

எழுத்துக் கூட்டி மறுபடியும் அடித்தார். அதேதான். மூன்றாம் தடவை விரல் எழவில்லை.

“நாகையா, அந்தக் கதவச் சாத்து.”

சாத்தினார்.

“போன வாரம் சம்பந்தி வந்திருந்தாருல்ல, ஆசையாக் கேட்டாரு. பிரிச்சுக் காட்டுனேன். போன்ல நாலு படம் எடுத்துக்கிட்டாரு. சம்பந்திய எப்படிய்யா வெளியாள்னு சொல்றது? அவரு மச்சான்தான் எதிர்த்த கம்பெனி மேனேஜருன்னு அப்ப எனக்கு ஓர்மையே இல்ல. சரி, இதுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

நாகையா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஹர்ஷினி திரையை எட்டிப் பார்த்தாள்.

“சொல்ல மறந்துட்டேன் பெரியப்பா. இப்போதைக்கு இதுல ‘ஆம்’னு அடிச்சா மட்டுந்தான் வாங்கும். ‘இல்லை’ய வாங்க வைக்கிற பாடம் வர்ற திங்கக்கிழமைதான் எடுக்காங்க.”