சூப்புக்குப் போனவள்

அந்தச் சிரிப்பை அவள் மூன்றாம் தரமும் கேட்டாள்.

ஹெட்போனுக்குள் ஒரு கிழவன். செத்து எவ்வளவோ காலம். ஐயர்லாந்தின் மேற்குக் கரையில், தன் வீட்டு அடுப்படியில் இருந்துகொண்டு, நாட்டார் கதை பதிய வந்தவரின் மெஷினுக்கு முன்னால் கதைக்கிறான். பேய்க் கதை முடிந்தது. கடற்கன்னிக் கதை முடிந்தது. இப்போது பஞ்சக் கதை.

உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போக, சனம் புல்லைத் தின்று செத்த காலம். அப்போது சில புரட்டஸ்தாந்துப் பாதிரிமார் சூப் காய்ச்சி ஊற்றினார்களாம். கத்தோலிக்கத்தை விட்டுத் தங்கள் கோயிலுக்கு வந்தால்தான் கிண்ணம் நிறையும்.

எங்கள் ஊரில் ஒருத்தி போனாள், என்கிறான் கிழவன். வாய் கூசாமல் பெயரையும் சொல்கிறான். மேரி ஹெனகன். மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு என் தாத்தா அவளுக்குக் கதவு திறக்கவில்லை. அவள் செத்தபோது பெட்டி தூக்க ஒருத்தரும் போகவில்லை. சூப்புக்குப் போனவள்தானே.

பிறகு சிரிக்கிறான்.

நல்ல வயிறு நிறைந்த சிரிப்பு.

சிரித்து முடித்து மனைவியைக் கூப்பிடுகிறான். வந்தவருக்கு இன்னும் கொஞ்சம் பாணும் வெண்ணெயும் வை என்கிறான்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டாள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு மனுசி இதைக் கேட்க வரப்போகிறா. அந்த மேரியின் கடைசிப் பிள்ளை, அந்த மனுசியின் தாத்தாவுடைய தகப்பன். டப்ளினில் இந்தக் காப்பகத்தில் அவளுடைய வேலை, கேட்டவர்களுக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பது. அவ்வளவுதான்.

நாடா பழுதாகிவிட்டது என்று சொன்னால் என்ன? ஒரு சின்னப் பொய். யாருக்கு நட்டம்?

பக்கத்தில் போன் கிடந்தது. ரொறன்ரோவில் இருந்து அண்ணன் அனுப்பிய செய்தி. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு முதல் செய்தி.

"அம்மா இனித் தாங்கமாட்டா. உன்னைக் கேக்கிறா. வாறதெண்டால் வா. ஆனா எல்லாருக்கும் முன்னால, நான் செய்தது பிழை எண்டு சொல்லிப்போட்டுத்தான் நீ அம்மாட அறைக்குள்ள போகலாம்."

பிழையாம்.

வன்னியில் சண்டை முடியப்போகிற சித்திரை மாதம். மகளுக்கு மூன்று வயது. குடிக்கக் கஞ்சியும் இல்லை. பசியில் அழுத பிள்ளை, ஒரு நாள் காலை அழுகையை விட்டுவிட்டது.

அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலேரிக்குள் இறங்கினாள். நெஞ்சளவு தண்ணீர். அந்தக் கரையில் ஆமிக்காரர் நின்றார்கள். சோற்றுப் பார்சல் நீட்டினார்கள். வாங்கினாள். யாரோ படம் எடுத்தார்கள்.

அந்தப் படத்தைத்தான் அண்ணன் கனடாவில் பேப்பரில் கண்டான். அவன் ஊரை விட்டுப் போய் அப்போதே பல வருசம். அவள் முகாமை விட்டு வெளியே வந்ததும் போன் எடுத்துக் கத்தினான். எதிரியிட்ட ரெண்டு கையாலையும் வாங்கியிருக்கிறாய் என்றான். ஒரு கையால் வாங்கியிருந்தால் மன்னித்திருப்பான் போல. சோத்துக்குப் போனவள் என்றான். அதோடு கதை பேச்சு நின்றது.

கோதாரி விழுந்தவங்கள். எந்தக் கடலைத் தாண்டினாலும் அதே வாய்தான்.

ஆனாலும் அம்மா. காலையில் இருந்து விமானச் சீட்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலும் எழுதி வைத்திருந்தாள். 'நான் செய்தது பிழைதான் அண்ணா.' அனுப்ப மட்டும் விரல் போகவில்லை.

மனுசி வந்தா. நனைந்த கோட்டு. பஸ் மாறி மாறி வந்த களைப்பு. தலைவாரி, உதட்டுக்குச் சாயம் பூசி, யாரையோ சந்திக்கப் போவதுபோல வந்திருந்தா.

நாடா பழுது என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்து அவளால் முடியவில்லை.

ஹெட்போனை நீட்டினாள்.

சிரிப்பு எந்த இடத்தில் வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடம் வந்தபோது யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழை. வெட்கமாக இருந்தது, தானே சிரித்துவிட்ட மாதிரி.

மனுசி அழவில்லை. ஹெட்போனைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி வைத்தா.

"எல்லாம் சொல்கிறார். அந்த வருசம் அவருடைய தாத்தா என்ன சாப்பிட்டார் என்று மட்டும் சொல்லவில்லையே."

நன்றி சொன்னா. கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போய்விட்டா.

அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருசமும் இந்தக் கேள்வி எனக்கு வரவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

போனை எடுத்தாள். எழுதி வைத்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

"அண்ணா, அந்தச் சித்திரையில நீ என்ன சாப்பிட்டனி?"

இந்தமுறை விரல் போனது.

இரண்டு நீலச் சரி விழுந்தது. அவன் வாசித்துவிட்டான். எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது.

நின்றது.

விமானச் சீட்டுப் பக்கம் திறந்தபடியே கிடந்தது. ஒரு தரம் அதைப் பார்த்தாள். அம்மா, என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு அந்தப் பக்கத்தை மூடினாள்.

வேலை முடிகிற நேரம் போன் அடித்தது. பதறி எடுத்தாள்.

மகள். பல்கலைக்கழகத்தில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டாளாம். சரியான பசியாம். அம்மா, என்ன சமைக்க, என்று கேட்டாள்.



சோறு வை, என்றாள் அவள்.