மாதனூரில் மட்டும் கிறீச்சிட்ட கார்

ஆம்பூர் தோல்மண்டி முதலாளியின் கார் மாதனூரில், ராஜம்மாள் வீட்டு வாசலில் மட்டும் கிறீச்சிட்டது. டிரைவர் அந்தோணி அச்சுக்கு கிரீஸ் போட்டான். பிரேக்கைக் கழற்றிப் பூட்டினான். மிச்சமிருந்தது விசிறியைச் சுற்றும் பெல்ட். மண்டியில் பதனிட்ட கன்றுத்தோலில் அறுத்தது.

இன்று அந்த வாசலிலேயே நிறுத்தி எஞ்சினை அணைத்தான். விசிறி நின்றது. சத்தம் நிற்கவில்லை.

ராஜம்மாள் வெளியே வந்தாள். இடுப்பில், செத்துப்போன அக்காவின் கைக்குழந்தை.

"இன்னாண்ணா, உன் வண்டியும் அழுவுது, எம் புள்ளையும் அழுவுது?"

"மாடு வச்சிருக்கியே, பால் இல்லியா?"

"கன்னு செத்துடுச்சு. தோல்ல வைக்கோல் அடைச்சு முன்னால நிறுத்தியிருந்தா சுரந்திருக்கும். எங்கூட்டுக்காரர் அவசரமா மண்டில போட்டுட்டாரு. இப்ப கிட்ட போனாலே உதைக்குது."

தொழுவத்தில் மாடு கத்தியது. அந்தோணி காரின் முன்மூடியைத் திறந்தான். பிறகு பெல்ட்டைக் கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, மாட்டின் முகத்தருகே கொண்டுபோய்ப் பிடித்தான். மாடு அதை நக்கத் தொடங்கியது. கிறீச்சொலி மெல்ல அடங்கியது.

"செம்பு எடுத்தாம்மா" என்றான்.

அவள் குழந்தையை வைக்கோலில் கிடத்திவிட்டுக் கறக்க உட்கார்ந்தாள். செம்பில் முதல் பால் விழுந்தபோது, அந்தோணியின் கையிலிருந்த பெல்ட் மாட்டின் மடியை நோக்கி மெதுவாக இழுத்தது.