நானூற்றுப் பன்னிரண்டு யூனிட்

மாடியில் சோலார் பலகைகள்மேல் உச்சிவெயில் கொதித்துக்கொண்டிருந்தபோது தெருவில் மின்சாரம் போனது. வீட்டுக்குள் மனைவி பிரமுவுக்கு மூச்சு கொடுத்துவந்த ஆக்சிஜன் இயந்திரமும் நின்றது. வெயில் இருக்கும்வரை பயமில்லை என்று நம்பி ஆவுடையப்பன் பேட்டரி வாங்கியிருக்கவில்லை. மின்கம்பத்தடிக்கு ஓடினார். மேலே லைன்மேன் அறுந்த கம்பியை முடிந்துகொண்டிருந்தான்.

“தம்பி, நான் சோலார்ல இருந்து உங்க லைனுக்கு ஏத்திவிட்ட கரண்டு நானூத்திப் பன்னெண்டு யூனிட் என் பேர்ல நிக்கு. அதுல ஒரு யூனிட்டை இப்ப இறக்கி விடுய்யா. வீட்டுக்காரிக்கு மூச்சு முட்டுது.”

“அது பில்லுல கழிக்க வச்சிருக்க வெறும் நம்பரு, அண்ணாச்சி. உங்க கரண்டை அன்னைக்கே பக்கத்து வீட்டு மிக்ஸி தின்னுட்டு.”

“இப்ப அடிக்க வெயிலையாவது வீட்டுக்குள்ள விடக்கூடாதா?”

“லைன்ல கரண்டு இல்லன்னா உங்க சோலாரும் தானா நின்னுரும். நிக்கலன்னா அது கம்பில ஏறி நான் கருகிருவேன்லா. அரை மணி நேரம் பொறுங்க.”

கம்பத்தை இறுக்கியிருந்த அவன் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆவுடையப்பன் உள்ளே வந்தார். பிரமுவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அவள் மூக்கில் செருகியிருந்த குழாயின் மறுமுனையை இயந்திரத்திலிருந்து பிடுங்கி, தன் வாயில் வைத்து ஊதத் தொடங்கினார்.