மாமா திறந்த கதவு

மூடிய கதவுக்குப் பின்னால் மனிதகுலத்துக்கு இதுவரை ஒரு நல்லதும் நடந்ததில்லை. சொன்னவர் என் தாய்மாமா. நகராட்சிக் கூட்ட அறையின் கதவை உதைத்துக்கொண்டே சொன்னார்.

உள்ளே கவுன்சிலர்கள் யாருக்கும் தெரியாமல் கூட்டம் போட்டு, மாமா தெருவின் காலி மனையில் ஊர்க் குப்பையைக் கொட்ட முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

"திறங்கடா! எங்க தலையெழுத்தை எங்களுக்கே தெரியாம எழுதுவீங்களா?"

"பூட்டிக்கிட்டுப் பேச இது என்ன உங்க மாமியார் வீடா?" என்றாள் என் அம்மா. தம்பிக்கு ஒரு கஷ்டம் என்றதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தவள். கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கதவு திறந்தது. தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க மட்டும் உள்ள வாங்க தம்பி" என்றார்.

"வர்றேன். ஆனா கதவு திறந்தேதான் இருக்கும். நாலு பேர் காதுல விழாத பேச்சு திருட்டுப் பேச்சு!" என்று மாமா முழங்கினார். வாசலில் நின்ற நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அம்மா விசிலே அடித்தாள்.

"சரி, கோவப்படாதீங்க" என்றார் தலைவர். "உங்க தெருவை விட்டுடறோம். குப்பையைப் பின் தெருவுல கொட்டிக்கலாம். உங்களுக்குச் சம்மதம்தானே?"

மாமா திரும்பி எங்களைப் பார்த்தார். பின் தெருவில் முதல் வீடு எங்களுடையது.

"டேய் தம்பி..." என்றாள் அம்மா.

"சத்தம் போடாதக்கா. உள்ள பேசிக்கிட்டிருக்கோம்ல" என்று சொல்லிவிட்டு, மாமா கதவை மெதுவாகச் சாத்தித் தாழ்போட்டார்.